அரைமூடல்

தீயணைப்பு நிலையத்தின் மாடியில் ஒன்பது பேர்.
வாஃபிள் சுடும் இரும்பு ஒன்று, காபிக் குடுவை இரண்டு,
சன்னலுக்கு வெளியே இருட்டில் ஃபியோர்டு.
குறிப்பெடுக்க நான்.
விவாதப் பொருள்: ஒரு சொல்.

கணவாய்ச் சாலைக்கென்று ஊருக்குப் பொதுவாய் ஒரு கையேடு.
யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் திருத்தலாம்.
திருத்தியவர் தேதியும் பெயரும் போடவேண்டும், அவ்வளவுதான்.
அதன் நாற்பத்தோராம் பக்கத்தில்
பத்தொன்பது பனிக்காலமாகக் குடியிருக்கிறது
'அரைமூடல்'.

"ஒரு தடம் மூடல், மறு தடம் திறப்பு" என்றான் எய்லிஃப்,
இதையெல்லாமா விளக்குவது என்ற முகத்தோடு.
"லாரிக்கு மூடல், காருக்கு இல்லை." இது சோல்ஃப்ரிட்.
பால்வண்டி ஓட்டும் யூஸ்டைன் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு,
"பனி அள்ளும் வண்டியின் பின்னால் வரிசையாகப் போகலாம்,
தனியாகத்தான் போகக்கூடாது" என்றார்.
மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்,
ஒரே கதவுக்கு இத்தனை வருடம்
வெவ்வேறு சாவி வைத்திருந்தவர்கள்போல.

பெயரை மாற்றச் சொன்னவள் டைவா.
லித்துவேனியாவிலிருந்து மீன் ஆலைக்கு வந்து இரண்டு வருடம்.
போன நவம்பரில் அந்தச் சொல்லைப் படித்தாள்.
அரை மூடியிருந்தால் அரை திறந்துதானே இருக்கும்?
கணக்கு சரி.
சுரங்கப்பாதையின் வாயருகே வண்டிக்குள்
விடியும்வரை கிடந்தாள்,
ஆலையின் ரப்பர் ஏப்ரனைப் போர்த்திக்கொண்டு.
அதை அவள் இன்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.
"தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற சொல்லுக்குக்
கையேடு எதற்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"எழுநூறு பதிவுகளில் இருக்கிறது" என்றார் யூஸ்டைன்.
"இன்று மாற்றினால் அத்தனையும் அநாதை."
"ஒரு சொல்லைப் பழகிக்கொள்ள அப்படியென்ன கஷ்டம்?"
சொன்னது யாரென்று நான் குறிப்பில் எழுதவில்லை.
என் கணவன்.

அதுவரை ஜாம் தடவிக்கொண்டிருந்த அஸ்லாக்
கத்தியைத் துடைத்து வைத்தார்.
அந்தச் சொல்லை முதலில் எழுதியவர் அவர்தான்.
எங்களுக்கு மறந்திருந்தது, அவருக்கும்.
"அன்று இரண்டரை மணிக்குச் சாலையை மூடினோம்" என்றார்.
இரண்டரையை எங்கள் பேச்சில் 'அரை மூன்று' என்போம்.
அரை மூன்று, மூடல். பென்சிலால் எழுதியிருக்கிறார்.
கையுறையிலிருந்து சொட்டிய நீரில்
மூன்று கரைந்துபோயிற்று.

சிரித்தோம். வாஃபிள் கருகும் வாசனை வரும்வரை சிரித்தோம்.
டைவாவும் சிரித்தாள், சற்றுத் தாமதமாக.
பிறகு கேட்டாள்:
"அப்படியென்றால் அன்று சாலை முழுக்க மூடியிருந்ததா?"
"முழுக்க" என்றார் அஸ்லாக்.

எய்லிஃப் விடவில்லை.
"நனைந்த பென்சிலா அர்த்தம்?
பத்தொன்பது வருடம் நாம் சொல்லிவந்ததல்லவா அர்த்தம்!"
"நாம் என்ன சொல்லிவந்தோம்?" என்றாள் சோல்ஃப்ரிட்.
காபிக் குடுவை கைமாறியது.

ஐந்துக்கு நான்கு.
ஐந்தாவது கை என்னுடையது, பேனாவோடு எழுந்தது.

ஒரு சொல் இருந்த இடத்தில் இனி மூன்று,
மூன்றும் நீளம், எதுவும் அழகில்லை.
பழையதை அடிக்க யூஸ்டைன் சம்மதிக்கவில்லை.
ஸ்கேல் வைத்து அவரே அதன்மேல் அம்புக்குறி போட்டார்:
இதைத் தேடி வந்தவர் அடுத்த பக்கம் போகவும்.
தேதி. பெயர்.

கீழே வண்டிகள்மேல் ஒரு விரல் கனம் பனி.
எல்லோருடைய கைபேசியும் ஒன்றாக வெளிச்சமிட்டது.
கணவாய் நிலவரம், அனுப்பியவன் எய்லிஃப்,
பழக்கதோஷம்:
அரைமூடல்.

இரண்டு வண்டி தள்ளி நின்ற டைவாவிடமிருந்து
ஒரே சொல்லில் பதில்:
எது?

அவன் பல்லால் கையுறையைக் கழற்றினான்.
தட்டினான். அழித்தான்.
நிமிர்ந்து, விளக்கில்லாத அந்த மலையைப் பார்த்தான்,
போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்லவேண்டும் என்பதுபோல.